ஓட ஓடச் சரியாகாதவை

புது மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், எங்கள் கோட்டையூர் வீட்டு முகப்பில் பாவியிருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஒரு ரூபாய் நாணய அளவில் கரிய வட்டம் ஒன்று விழுந்திருப்பதை முதலில் கண்டவர் அப்பத்தா. "புது வண்டின்னுதானே சொன்ன, இப்பவே ஒழுகுதேப்பா" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவது அன்று. மணலும் சிமென்டும் நிறப்பொடியும் சேர்த்துக் கண்ணாடிப் பலகையின் மேல் வார்த்து, நீரில் ஊறவைத்து, உலர்த்தி எடுப்பது. ஆகையால் அதன் மேல் விழும் எண்ணெய் மேலோடு நில்லாமல் உள்ளே இறங்கிவிடும். இதற்கு முன் நான் வைத்திருந்த வண்டி அதே இடத்தில் பதினோரு ஆண்டுகள் நின்றது. அது ஒரு சொட்டும் விட்டதில்லை.

உடனே ஷோரூமைத் தொலைபேசியில் அழைத்தேன். "புது வண்டியில அப்படித்தான் சார் கொஞ்சம் இருக்கும், ஓட ஓடச் சரியாயிரும்" என்று சர்வீஸ் பிரிவில் இருந்த இளைஞர் பணிவாகவே சொன்னார். அடுத்த ஐந்து வாரங்களில் அதே வாக்கியத்தை வேறு மூன்று குறைகளுக்கும் கேட்டேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்த வாக்கியம்தான். அது முழுப் பொய்யன்று. புது வண்டியில் ஓட ஓடச் சரியாகும் விஷயங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றோடு சேர்த்து, ஓட ஓட மோசமாகும் விஷயங்களையும் ஒரே வாக்கியத்தில் மூடிவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் எந்த நிறுவனத்தின் வண்டியிலும் நேரக்கூடியவை.

முதலில், பொறுத்திருக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். புதிய பிரேக் பேடுகள் டிஸ்க்கின் பரப்போடு முழுமையாகப் படிய முதல் சில நூறு கிலோமீட்டர்கள் ஆகும். அதுவரை பிடிப்பு சற்று மந்தமாகவே இருக்கும். புது டயரின் மேல் ஒரு வழுவழுப்பு உண்டு, அது ஓட்டத்தில்தான் தேயும். சங்கிலி தொடக்கத்தில் சற்று நீளும், கியர் விழுவது கடினமாக இருந்து பிறகு இளகும், சைலன்சரின் மேல் பூசிய பாதுகாப்புப் பூச்சு சூடேறி முதல் நாள் புகையும் வாடையும் வரும். இன்ஜினுக்குள் புதிய பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது நுண்ணிய இரும்புத் துகள்கள் எண்ணெயில் கலப்பதால்தான், முதல் சர்வீஸை 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வைத்து எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள். இவை அனைத்தும் உராய்ந்து படிவதால் சீராகின்றன. தளர்ந்த நட்டும், தவறான வழியில் போன ஒயரும், கோணலாக நின்ற சக்கரமும் உராய்ந்து படிவதற்கு ஒன்றுமில்லை.

வண்டி எடுத்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் என் பங்குக்கான தவறு அன்றுதான் நிகழ்ந்தது. ஆவணி மாதத்து முகூர்த்த நாள் அது. அன்று ஒரே ஷோரூமில் பலர் வண்டி எடுக்கக் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் ராகு காலம் தொடங்குமுன் வண்டி வெளியே வந்தாக வேண்டும். எல்லோருக்கும் கொப்புடையம்மன் கோவில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி மாலை சாத்த வேண்டும். தொழிற்சாலையிலிருந்து லாரியில் வரும் வண்டி, முழுதும் பூட்டிய நிலையில் வருவதில்லை. பேட்டரி இணைக்கப்பட்டிராது; கண்ணாடிகள், புடவைக் கம்பி, எண் பலகை போன்றவை ஷோரூமில்தான் பொருத்தப்படும்; டயர்க் காற்றும் அங்கேதான் சரிபார்க்கப்பட வேண்டும். இவற்றையெல்லாம் முடித்து, போல்ட்டுகளின் இறுக்கத்தையும் பார்த்த பிறகு, ஒவ்வொரு வரியாகக் குறியிட்டு நிரப்ப வேண்டிய ஒரு சோதனைப் படிவம் உண்டு. எனக்குத் தரப்பட்ட படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே பேனாவால், ஒரே வேகத்தில், குறிகள் போடப்பட்டிருந்தன. அதைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். நல்ல நேரத்தைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. வண்டியை எடுப்பதற்குத்தான் நல்ல நேரம் வேண்டும். வண்டியைப் பார்ப்பதற்கு முந்தைய நாள் பகல் வெளிச்சமும், அவசரமில்லாத அரை மணி நேரமும் போதும். முழுப் பணத்தைக் கட்டுவதற்கும், ஆர்.டி.ஓ. பதிவு முடிவதற்கும் முன்னால் அந்தப் பார்வை நடந்தால், குறை தெரிந்த வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு வேறு வண்டி கேட்பது எளிது. பதிவான பிறகு பழுதுபார்த்துத் தருவார்களே தவிர மாற்றித் தர முன்வர மாட்டார்கள்.

எண்ணெய்ச் சொட்டுக்கு வருகிறேன். அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க, காரைக்குடி கல்லுக்கட்டிப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டறை வைத்திருக்கும், என் பழைய வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணன் சொன்ன வழி மிக எளியது. இன்ஜினின் அடிப்பகுதியைத் துணியால் ஈரமின்றித் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்து, இரவு முழுதும் நிறுத்தி வைக்கச் சொன்னார். காலையில் பவுடரின் மேல் ஈரத்தடம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. கோட்டின் தலை, எண்ணெய் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் விளிம்பில் இருந்தது. அந்த போல்ட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு மெல்லிய உலோக வாஷர் இருக்கும். இறுக்கும்போது அது நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கிறது. ஆகவே ஒருமுறை நசுங்கியதை மறுமுறை பயன்படுத்தாமல் புதிது போட வேண்டும். என் வண்டியில் அது மையம் விலகி, ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது என்பது பின்னால் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது. ஷோரூமில் முதல் முறை செய்தது, வாஷரை மாற்றாமல் போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கியதுதான். இன்ஜின் அடிப்பகுதி அலுமினியம், போல்ட்டோ எஃகு. அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரைதான் அழியும். அப்படி மரை போனால் பத்து ரூபாய் வாஷரோடு முடிய வேண்டிய வேலை, இன்ஜினை இறக்கும் வேலையாகிவிடும்.

அதே மெக்கானிக் அண்ணனிடம் இன்னொரு குறையையும் சொன்னேன். முன் பிரேக்கைப் பிடிக்கும்போதும், வேகத்தடையில் இறங்கும்போதும் ஹேண்டில்பாருக்குக் கீழே 'டக்' என்று ஒரு தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. ஷோரூமில் அதற்கும் ஓட ஓடச் சரியாகிவிடும் என்ற பதில்தான். அண்ணன் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினார், பின்பக்கத்தை என்னை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கினார், அதைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களையும் அடியில் பற்றி முன்னும் பின்னும் ஆட்டினார். அவர் கை ஆடியதை நான் பார்த்தேன். அந்த ஆட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் தட்டல் தெளிவாகக் கேட்டது. "கோன் செட் லூஸு தம்பி. இப்படியே ஓட்டினா குண்டு கிண்ணத்துல குழி விழுந்துரும். அப்புறம் இறுக்கினாலும் நிக்காது, செட்டையே மாத்தணும்" என்றார். ஹேண்டில் திரும்புவதற்காக வைத்திருக்கும் பேரிங்கைத்தான் எங்கள் பக்கத்தில் கோன் செட் என்கிறோம். அது தளர்ந்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் குண்டுகள் கிண்ணத்தை அடிக்கும். அளவுக்கு மீறி இறுகினால் ஹேண்டில் தானாகத் திரும்பாமல் வண்டி நேர்ச் சாலையிலேயே அலையும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட இறுக்கம் இருக்கிறது, அதை அமைத்துத் தர வேண்டியது தொழிற்சாலை.

கால் மணி நேரத்தில் அதைச் சரிசெய்துவிடும் கைகள் அவருடையவை. அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. "நான் கை வச்சா உங்களுக்கு வாரண்டிப் பேச்சு வந்துரும் தம்பி. வெளிய பிரிச்சீங்கன்னு சொல்லிருவாங்க. என்ன குறைன்னு சொல்றேன், நீங்க அங்க எழுதிக் குடுத்து வாங்குங்க" என்றார். பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை. வருமானத்தை விட்டுவிட்டு வாடிக்கையாளரின் உரிமையைக் காத்த அந்த மனிதரை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மூன்றாவது குறைதான் என்னை உண்மையில் அஞ்சவைத்தது. வண்டி 300 கிலோமீட்டர் ஓடியிருந்த சமயம், தேவகோட்டையில் வேலை முடித்துத் திரும்பும் வழியில், காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் வலது பக்கமாக முழுதும் வளைத்துத் திருப்பியபோது இன்ஜின் சட்டென்று நின்றது. சாய்ந்த வண்டி நின்றுவிட்டால், அது சாய்ந்த பக்கமே இழுக்கும். காலை ஊன்றி, முழுப் பலத்தோடு தாங்கிக்கொண்டேன்; பின்னால் வந்த டவுன் பஸ் ஓட்டுநர் விழிப்பாக இருந்ததால் வேறொன்றும் நேரவில்லை. கார்புரேட்டர் இருந்த காலத்து வண்டிகளில் பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்கும். 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைத் தள்ளுவதற்கு மின்சார பம்ப்பும், அளந்து தெளிப்பதற்கு இன்ஜெக்டரும், இவற்றை ஆள ஒரு கணினிப் பெட்டியும் இருக்கின்றன. ஆகவே ஒரே ஒரு ஒயர் ஒரு கணம் அறுந்தாலும் எல்லாமே ஒன்றாக நின்றுவிடும்.

சர்வீஸில் ஓட்டிப் பார்த்தவர் நேர்ச் சாலையில் போய் வந்து, குறை இல்லை என்றார். கிளட்சை நான் சரியாகப் பிடித்திருக்க மாட்டேன் என்றும், வண்டி கை பழகப் பழகச் சரியாகும் என்றும் சொன்னார். இருபது ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவன் என்று வாதாடாமல், வீட்டில் ஒரு சோதனை செய்தேன். சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினேன். சரியாகப் பூட்டிய வண்டியில் இன்ஜினின் ஓசை இம்மியும் மாறக் கூடாது. ஓசை ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இறுக்கமாகப் போயிருக்கிறது என்று பொருள். நின்றால் ஒயர் இழுபடுகிறது என்று பொருள். வலக் கோடியில் மூன்று முறைக்கு இரண்டு முறை இன்ஜின் நின்றது. அதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு மறுநாள் போய், அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினேன்.

ஹெட்லைட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் போல்ட்டுகளைப் பார்க்கச் சொன்னேன். தொழிற்சாலையில் உரிய அளவுக்கு இறுக்கியதும், போல்ட் தலையிலிருந்து அடுத்த பாகம் வரை பெயின்ட்டால் ஒரு சிறு கோடு இழுப்பது வழக்கம். பிறகு யாராவது திருகியிருந்தால் அந்தக் கோடு முறிந்து தெரியும். என் வண்டியில் அந்த மஞ்சள் கோடுகள் முறியாமல் இருந்தன. ஆக, உள்ளே இருந்த குறை ஷோரூமில் நேர்ந்ததன்று, வண்டி பிறந்தபோதே வந்தது. கழற்றியதும் காரணம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. சாவித் துவாரத்திலிருந்து வரும் ஒயர்க் கொத்து, ஒரு கம்பி வளையத்துக்கு உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே போயிருந்தது. அதனால் அதன் நீளம் போதாமல், வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒயர்களை இணைக்கும் கப்ளர் இழுபட்டது. போதாக்குறைக்கு, ஹேண்டிலைத் தடுத்து நிறுத்தும் இரும்பு முனையில் ஒரு ஒயர் உரசி, உறை கிழிந்து செம்பு இழை வெளியே தெரிந்தது. இந்த நிலையில் ஓட ஓட என்ன ஆகும் என்று நான் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை.

கிழிந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றித் தருவதாகச் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் உலோக அரிமானத்தை ஆராய்வது ஒரு முக்கியப் பணி. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா, டேப்பின் இடுக்கில் ஈரம் புகுந்து நின்றால் செம்பு பச்சை பூத்து உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தார். ஒயரும் கப்ளரும் சேர்ந்த அந்தத் துண்டையே மாற்ற வேண்டும் என்று கேட்டேன். பாகம் வர ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களும் நான் பேருந்தில்தான் போய் வந்தேன்.

பின் சக்கரக் கோணல் சிறிய விஷயம். ஆனால் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்தமானது. கையை இலேசாக்கினால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. சங்கிலியை இறுக்கும் இடத்தில் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் அளவுக் கோடுகள் உண்டு. அவை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். என் வண்டியில் வலப்பக்கம் ஒரு கோடு கூடுதலாக இருந்தது. அந்தக் கோடுகளே சில வண்டிகளில் துல்லியமாக இருப்பதில்லை என்பதால், அப்போது எங்கள் வளவில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் அண்ணனிடம் நூல் கேட்டேன். அவர் விவரம் கேட்டுவிட்டுத் தாமே வந்து பிடித்தார். பின் டயரின் இரு பக்கமும் ஒட்டி நூலை முன் சக்கரம் வரை இழுத்துக் கட்டினால், ஒடுக்கமான முன் டயருக்கும் நூலுக்கும் இடையே இரு பக்கமும் சம இடைவெளி வர வேண்டும். ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறுபக்கம் நூல் டயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவரின் நேர்மையைச் சோதிக்கும் நூல் சக்கரத்தின் நேர்மையையும் சொல்லிவிட்டது. இப்படியே விட்டிருந்தால் சங்கிலியும் பல்சக்கரமும் ஒரு பக்கமாகத் தேய்ந்து, டயரும் வீணாகியிருக்கும்.

இவையெல்லாம் சரியானது வாய்ப் பேச்சால் அன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் இரண்டு முறையும் நான் வாயால் சொன்னேன், அவர்களும் வாயால் பதில் சொன்னார்கள், எங்கும் ஒரு எழுத்தும் பதியவில்லை. மூன்றாம் முறையிலிருந்து, சர்வீஸில் குறைகளை எழுதிக்கொள்ளும் அட்டையான ஜாப் கார்டில் என் சொற்களிலேயே எழுதச் சொன்னேன். 'முன்பக்கம் சத்தம்' என்று எழுத வந்ததை நிறுத்தி, 'முன் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் கழுத்தில் தட்டல். சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை ஆட்டினால் தளர்வு தெரிகிறது' என்று எழுதவைத்தேன். மேலோட்டமான குறைக்கு மேலோட்டமான வேலைதான் நடக்கும். ஓடிய தூரம், தேதி, பதினேழு எழுத்துகள் கொண்ட சேசிஸ் எண் ஆகியவற்றோடு அந்த அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு, அதையும் படத்தையும் இணைத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அன்று இரவே மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டாம் நாள் ஷோரூமிலிருந்து அவர்களே அழைத்தார்கள். குரலில் மாற்றம் இருந்தது.

அதற்கு மேலும் போக வேண்டியிருந்தால் என்ன செய்வது என்றும் படித்து வைத்திருந்தேன். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, உற்பத்திக் குறைக்குத் தயாரிப்பாளரையும் பொறுப்பாக்குகிறது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம் என்பதால், நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் எனக்குச் சிவகங்கை போதும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கும் முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இவற்றில் எதையும் நான் பயன்படுத்த நேரவில்லை. ஆனால் பயன்படுத்தியிருந்தால், அங்கே என் பக்கம் பேசியிருப்பவை அந்த ஜாப் கார்டு நகல்கள்தாம்.

இப்போது வண்டி 2,100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோன் செட் முறையாக இறுக்கப்பட்டது. கிண்ணத்தில் குழி விழுவதற்குள் பிடித்துவிட்டோம் என்று மெக்கானிக் அண்ணன் மறுபடி ஆட்டிப் பார்த்து உறுதி சொன்னார். சென்ற ஞாயிற்றுக்கிழமை திருமயம் வரை போய் வந்தேன். கையைத் தளர்த்தினாலும் வண்டி நேராகப் போகிறது. முகப்பில் அட்டை இன்னும் விரித்தே இருக்கிறது, அப்பத்தா அதை எடுக்கவிடவில்லை. கல்லில் இறங்கிய கறை சற்று மங்கியிருக்கிறது, போகவில்லை. நான்காம் கியரில் 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது மட்டும் மீட்டர் பெட்டிக்குள் ஒரு மெல்லிய அதிர்வு ஓசை வருகிறது; 4,500இல் நின்றுவிடுகிறது. மூன்று நாட்கள் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது சர்வீஸின் ஜாப் கார்டில் முதல் வரியாக அதை எழுதச் சொல்லப் போகிறேன்.